பாம்புக் கோயிலுக்குப் பால் கொண்டு போனோம்

பட்டர்வொர்த்தில் வேலை பார்க்கும் என் மகன், பெர்மிட் எடுத்து ஒரு பாம்பு வளர்க்கிறான். 'பால் பைத்தான்' என்று பெயர். ஆப்பிரிக்கப் பாம்பு, விஷமில்லை. பயந்தால் பந்து போலச் சுருண்டுகொள்ளும். போன மாதம் அது இரையைத் தொடவில்லை. வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. வாயோரம் நுரை தள்ளியது.

"பேரிலேயே பால் இருக்கு, பால் வைக்காம விட்டா என்ன ஆகும்?" என்றார் என் மாமியார். 30 வருடம் பால்மரம் வெட்டியவர். காட்டில் பாம்பைக் கண்டால் கும்பிட்டுவிட்டு ஒதுங்குவார். நேர்த்திக்கடன் வைத்து, பாக்கெட் பாலும் கையுமாகப் புறப்பட்டார். நானும் மகனும் துணைக்குப் போனோம்.

பட்டர்வொர்த்தில் பெர்ரி ஏறி, ஜார்ஜ்டவுனிலிருந்து பாயான் லெப்பாஸ் பஸ்ஸில் போனால் சுங்கை குளுவாங்கில் இறங்கலாம். 19-ஆம் நூற்றாண்டில் சீனர்கள் கட்டிய கோயில். சோர் சூ கோங் என்ற துறவிக்கு உரியது. காட்டுப் பாம்புகளுக்கு அவர் அடைக்கலம் தந்தார் என்பது ஐதீகம். சீனப் புத்தாண்டின் 6-ஆம் நாள் இங்கே திருவிழா.

ஊதுவத்திப் புகைக்கு நடுவே, மரக்கிளைகளில் பச்சையும் மஞ்சளும் கறுப்புமாகக் குழிவிரியன்கள் அசையாமல் கிடந்தன. பகலில் சாதுவாகக் கிடந்தாலும் இவை விஷப் பாம்புகள்; இரவில்தான் வேட்டை. தொடக்கூடாது, வாசகர்களே! முன்பு இன்னும் நிறைய இருந்தனவாம்.

மாமியார் பால் பாக்கெட்டை எடுத்ததும், அங்கிருந்த சீனப் பெரியவர் ஓடி வந்தார். "பாம்பு பால் குடிக்காது, அம்மா. தாகத்தில் குடித்தாலும் செரிக்காது. தண்ணீர் வையுங்கள்" என்று மலாயில் சொன்னார். மகனின் பாம்பைப் பற்றிக் கேட்டுவிட்டு, "சாமி கும்பிடுங்கள். ஆனால் இன்றைக்கே மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்" என்றார்.

காட்டினோம். நுரையீரலில் சளி. காரணம், மகன் அறையின் ஏர்கான்! பாம்புக்குச் சொந்தச் சூடு கிடையாது. குளிரில் நோயை எதிர்க்கவும் முடியாது, இரையைச் செரிக்கவும் முடியாது. வைத்தியர் ஊசி போட்டார். பெட்டியின் ஒரு பக்கம் 32 டிகிரி, மறுபக்கம் 26 டிகிரி, சுத்தமான தண்ணீர், கையில் எடுக்காமை, வாயில் இரையைத் திணிக்காமை. இவ்வளவுதான் மருத்துவம். இந்த வகைப் பாம்பு சில வாரம் சாப்பிடாமல் இருப்பது சகஜம். வாய் திறந்து மூச்சு வாங்கினால்தான் தாமதிக்கக்கூடாது.

மூன்று வாரம் கழித்து எலியைப் பிடித்தது. செய்தி கேட்ட மாமியார் வேப்பமரத்துப் பக்கம் திரும்பிக் கும்பிட்டார்.

அந்தப் பால்? அன்று மாலையே பேரனுக்குத் தேத்தண்ணி கலந்து கொடுத்துவிட்டார்.