அன்று பட்டை உரித்தவர்கள், இன்று பாதை காட்டுபவர்கள்... தேக்கடி வழிகாட்டிகள் படித்த பாடம்!

கம்பம், கூடலூரைத் தாண்டி பஸ் லோயர் கேம்ப்பை நெருங்கும்போதே காற்று குளிர ஆரம்பித்துவிடும். மலை உச்சியிலிருந்து இறங்கும் ராட்சதக் குழாய்கள் ஜன்னலோரம் தெரியும். முல்லைப் பெரியாறு தண்ணீர் மின்சாரமாக மாறும் இடம் அது. அங்கிருந்து கொண்டை ஊசி வளைவுகள். ஏறி முடித்தால் குமுளி. ஒரு பக்கம் தமிழ்நாடு, மறுபக்கம் கேரளா. கடைப் பலகைகளில் எழுத்து மாறும், ஏலக்காய் வாசனை மட்டும் மாறாது.

குமுளியிலிருந்து நான்கு கிலோமீட்டரில் தேக்கடி. 1895-ல் முல்லைப் பெரியாறு அணை கட்டி முடிக்கப்பட்டபோது உருவான ஏரி இது. அன்று நீரில் மூழ்கிய மரங்களின் கட்டைகள் இன்றும் தண்ணீருக்கு மேலே தலைநீட்டி நிற்கின்றன. அவற்றின் மேல் நீர்க்காகங்கள் சிறகை விரித்து வெயில் காயும். படகில் போகும் எல்லோரும் முதலில் செல்போனை நீட்டுவது அந்தக் காட்சியை நோக்கித்தான்.

படகுக் கூட்டத்திலிருந்து விலகி, காலையிலேயே இன்னொரு சிறு கூட்டம் காட்டுக்குள் நடக்கத் தயாராகும். மூங்கில் தெப்பப் பயணத்துக்கு வந்தவர்கள் அவர்கள். சீருடை அணிந்த வழிகாட்டிகள் முழங்கால் வரை வரும் துணிக் காலுறைகளைக் கொடுப்பார்கள். அட்டை ஏறாமலிருக்கத்தான் அது. சிலர் அதன் மேல் கொஞ்சம் மூக்குப்பொடியும் தூவிவிடுவார்கள். சத்தமாகப் பேசக் கூடாது, வரிசையை விட்டு விலகக் கூடாது, அட்டை கடித்தால் பதறிப் பிடுங்கக் கூடாது. முதல் பாடம் இவ்வளவுதான்.

பயணிகள் "அண்ணே" என்றும் "சேட்டா" என்றும் கூப்பிடும் இந்த வழிகாட்டிக் குழுவுக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. இதன் முதல் தலைமுறையினர் இதே காட்டுக்குள் இரவில் திருட்டுத்தனமாக நுழைந்தவர்கள். வனக் காவலர்களைக் கண்டால் ஓடி ஒளிந்தவர்கள்!

மரத்தின் உயிர் பட்டையில்

மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வயணா என்றொரு மரம் உண்டு. இலவங்கப்பட்டை இனத்தைச் சேர்ந்தது. அதன் பட்டைக்கு மசாலாச் சந்தையில் நல்ல விலை. 1990-களில் எல்லையோர ஊர்களைச் சேர்ந்த ஏழை இளைஞர்கள் சிலர் கூட்டமாகக் காட்டுக்குள் போவார்கள். அரிசி, பருப்போடு போய், நாள்கணக்கில் தங்கி, பட்டையை உரித்துத் தலைச்சுமையாகக் கொண்டுவருவார்கள். லாபம் வியாபாரிக்கு. வழக்கும் சிறையும் இவர்களுக்கு.

இலை தயாரிக்கும் உணவை வேருக்குக் கொண்டுபோவது பட்டையின் உள்பகுதிதான். சுற்றிலும் பட்டையை உரித்துவிட்டால் வேர் பட்டினி கிடக்கும், கொஞ்ச நாளில் மரமே பட்டுப்போகும். இவர்கள் போன வழியெல்லாம் செத்த மரங்கள் நின்றன.

1978-லேயே புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட காடு பெரியாறு. இன்று அதன் பரப்பு 925 சதுர கிலோமீட்டர். அவ்வளவு பெரிய காட்டைக் காவலர்களை மட்டும் வைத்துக் காப்பாற்ற முடியாது என்பதை வனத்துறை அனுபவத்தில் உணர்ந்திருந்தது. 1996-ல் உலக வங்கி உதவியுடன் இந்தியச் சூழல் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. நாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு காடுகளில் பெரியாறும் ஒன்று. காட்டை நம்பி வாழும் மக்களுக்கு வேறு வருமானம் கிடைத்தால் காட்டின் மீதான நெருக்கடி குறையும் என்பது திட்டத்தின் அடிப்படை.

பட்டை உரித்தவர்களோடு பேச்சு நடந்தது. இரு தரப்புக்கும் சந்தேகம் இருந்தது. கடைசியில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் தொழிலை விட்டுவிட்டு, சூழல் மேம்பாட்டுக் குழுவாகச் சேர்ந்தார்கள். 1998-ல் 'பெரியாறு டைகர் டிரெயில்' என்ற நடைப்பயணம் தொடங்கியது. சுற்றுலாப் பயணிகளைக் காட்டுக்குள் அழைத்துப்போய், கூடாரத்தில் தங்கவைத்து, சமைத்துப் போட்டு, பத்திரமாகத் திரும்பக் கொண்டுவர வேண்டும். ஒருகாலத்தில் ஒளிந்து நடந்த அதே தடங்களில்!

தெரிந்தது பாதி, தெரியாதது பாதி

'காட்டை இவ்வளவு தெரிந்தவர்களுக்கு என்ன பயிற்சி வேண்டியிருக்கிறது?' என்று தோன்றலாம். உண்மையில், காட்டைப் பற்றி அவர்களுக்குப் புதிதாகச் சொல்லித்தர அதிகம் இல்லை. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்தே யானை இருக்கும் திசையைத் தவிர்க்கத் தெரியும். சாணத்தின் ஈரத்தை வைத்து, காட்டுமாட்டுக் கூட்டம் எப்போது கடந்தது என்று சொல்லத் தெரியும். காவலர்களிடமிருந்து தப்பக் கற்றுக்கொண்ட வித்தைதான் பின்னால் பயணிகளைக் காப்பாற்றும் வித்தையாக மாறியது.

தெரியாதது வேறு. காலமெல்லாம் வாய்திறக்காமல் காட்டில் நடந்தவர்கள், இப்போது பேச வேண்டும். மும்பையிலிருந்து வந்தவருக்கும் லண்டனிலிருந்து வந்தவருக்கும் புரிகிற மாதிரி பேச வேண்டும். கருமந்தி, இருவாட்சி, மலை அணில், நீர்நாய் என்று நம் ஊர்ப் பெயரில் தெரிந்ததை அவர்களுக்குத் தெரிந்த பெயரிலும் சொல்ல வேண்டும். பறவையின் குரலைக் கேட்டு 'அதோ' என்று கை காட்டினால் போதாது. அது என்ன தின்கிறது, எங்கே கூடு வைக்கிறது, அந்த மரம் போனால் அதற்கு என்ன ஆகும் என்றும் விளக்க வேண்டும்.

இன்னொரு பக்கம், கணக்கு. குழுவுக்கு வங்கிக் கணக்கு, கூட்டக் குறிப்பு, வரவு செலவுப் பதிவேடு எல்லாம் உண்டு. வருமானம் தனி ஆளின் சட்டைப் பைக்குப் போகாமல் குழுவின் கணக்குக்குப் போய், அங்கிருந்து சம்பளமாக வரும். அன்றைய சுமைக்கு அன்றே காசு என்று பழகியவர்களுக்கு, மாதச் சம்பளம் வரை பொறுத்திருப்பதே ஒரு படிப்புதான்.

முதலுதவி, வயர்லெஸ் கருவி, பயணிகளிடம் கோபப்படாமல் கண்டிப்பாக இருப்பது எல்லாம் இதே பாடத்திட்டத்தில் வரும். சுற்றுலாத் துறையில் இதைத்தான் 'திறன் மேம்பாடு' என்கிறார்கள். தேக்கடியில் அதன் அர்த்தம் இன்னும் எளிமையானது. மனதுக்குள் இருக்கும் அறிவை, மரியாதையான சம்பளம் தரும் தொழிலாக மாற்றுவது.

மறக்க முடியாத செப்டம்பர்

பயிற்சி என்பது சான்றிதழை மாட்டிவைக்கும் சடங்கு அல்ல என்பதைத் தேக்கடி மிகக் கொடூரமாக உணர்ந்த நாள் ஒன்று உண்டு. 2009 செப்டம்பர் 30. இதே ஏரியில் இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு ஒன்று கவிழ்ந்து 45 பேர் இறந்துபோனார்கள். கரையில் தெரிந்த விலங்குகளைப் பார்க்க, பயணிகள் ஒரே பக்கமாகச் சேர்ந்ததும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது.

அந்தப் படகுக்கும் மேலே சொன்ன வழிகாட்டிக் குழுவுக்கும் சம்பந்தமில்லை. ஆனால், சுற்றுலாவில் வேலை பார்க்கும் எல்லோருக்கும் அந்த நாளில் ஒரு பாடம் இருக்கிறது. விலங்கைக் கண்டதும் எழுந்து ஓடுவது பயணியின் இயல்பு. அந்த நொடியில் 'உட்காருங்கள்' என்று சொல்லவும், சொன்னதைக் கேட்க வைக்கவும் தெரிந்த ஓர் ஆள் வேண்டும். உயிர்காக்கும் உடையைப் போடாமல் படகை எடுக்க மாட்டேன் என்று மறுக்கும் துணிச்சல் வேண்டும். இது தானாக வராது. சொல்லித்தர வேண்டும், திரும்பத் திரும்பப் பழக வேண்டும்.

மூங்கில் தெப்பப் பயணத்தில் ஒரு குழுவில் பத்துப் பயணிகளுக்கு மேல் அனுமதியில்லை. கூடவே வழிகாட்டிகளும், துப்பாக்கியுடன் ஒரு வனக் காவலரும் வருவார்கள். 'இன்னும் நாலு பேரை ஏற்றிக்கொண்டால் என்ன?' என்று யாராவது கேட்டால், அதற்கு அந்த ஏரியே பதில்.

மன்னான், பளியர், பெண்கள்

பெரியாறு காட்டின் பூர்வகுடிகள் மன்னான், பளியர் மக்கள். அந்தக் குடியிருப்புகளைச் சேர்ந்தவர்களும் தடம் பார்க்கும் வழிகாட்டிகளாக வேலை செய்கிறார்கள். அவர்கள் குடும்பங்கள் விளைவித்த மிளகு ஒருகாலத்தில் கடன் கொடுத்த வியாபாரிகளின் கைக்கே போய்க்கொண்டிருந்தது. குழுவாகச் சேர்ந்து விற்கத் தொடங்கிய பிறகு நிலைமை மாறியது. காட்டை அறிந்தவர்கள் சந்தையையும் அறிந்துகொண்டதன் பலன் அது.

பெண்களும் பின்தங்கவில்லை. 'வசந்த சேனா' என்ற பெயரில் உள்ளூர்ப் பெண்கள் சிறு குழுக்களாகக் காட்டுக்குள் ரோந்து போகத் தொடங்கினார்கள். கூலி வாங்காமல், முறை வைத்துக்கொண்டு! வீட்டு வேலையை முடித்துவிட்டு வரும் பெண்கள் காட்டைக் காவல் காப்பது வெளியூர்க்காரர்களுக்கு ஆச்சரியம். அவர்களுக்கோ, அது தங்கள் கொல்லைப்புறத்தைப் பார்த்துக்கொள்வது மாதிரி.

2004-ல் மத்தியத் திட்டத்தின் காலம் முடிந்தது. பணம் நின்றால் பழைய தொழிலுக்கே திரும்பிவிடுவார்களோ என்ற கவலை எழுந்த நேரம். அப்போது தொடங்கப்பட்டதுதான் பெரியாறு ஃபவுண்டேஷன். பயணிகளிடம் நுழைவுக் கட்டணத்தோடு வசூலிக்கும் சிறு தொகை இதன் வழியாக மக்கள் பணிகளுக்குப் போகிறது. 2006-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டபோது, எல்லாப் புலிகள் காப்பகங்களுக்கும் இப்படியொரு அமைப்பு வேண்டும் என்று வந்தது.

2012-ல் புலிகள் காப்பகச் சுற்றுலாவுக்கு உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்து, சில மாதங்களில் விலக்கிக்கொண்டது. அப்போது வந்த வழிகாட்டு நெறிமுறைகள், வழிகாட்டிகளுக்குப் பயிற்சியும் சான்றும் அவசியம் என்றன. தேக்கடியில் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அந்த வேலை தொடங்கியிருந்தது.

அடுத்து யார்?

இன்று தேக்கடி முன் நிற்கும் கேள்வி வேறு. 1998-ல் முப்பது வயதில் சேர்ந்தவர் இப்போது அறுபதை நெருங்கிக்கொண்டிருப்பார். நாள் முழுக்க மேடு பள்ளம் ஏறி இறங்க முழங்கால் ஒத்துழைக்க வேண்டுமே! அடுத்த தலைமுறைக்கு ஆங்கிலம் வரும், செல்போனில் பறவைச் செயலியும் இருக்கும். ஆனால், காட்டில் நாள்கணக்கில் கிடந்து பழகிய கண் இருக்காது. அப்பாக்களுக்குப் பேசக் கற்றுத்தர வேண்டியிருந்தது. பிள்ளைகளுக்குப் பார்க்கக் கற்றுத்தர வேண்டியிருக்கும். அதைச் சொல்லித்தரும் வாத்தியார்கள் இன்னும் வேலையில் இருக்கும்போதே அது நடந்தாக வேண்டும்.

இன்னொன்று, வருமானம். 2020-ல் கொரோனா ஊரடங்கில் புலிகள் காப்பகங்கள் மூடப்பட்டன. பயணி வராத நாளில் சுற்றுலாவை மட்டும் நம்பியவருக்கு வருமானம் இல்லை. விலங்குகள் கணக்கெடுப்பு, ரோந்து, பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டுப் பாடம் என்று இரண்டாவது, மூன்றாவது திறமையும் கையில் இருந்தால்தான் அடுப்பு எரியும். 'ஒருமுறை பயிற்சி கொடுத்தாயிற்று' என்று கை கழுவ முடியாதது இதனால்தான்.

பயணிகளுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. தேக்கடிக்குப் போகிறவர்கள் படகுச் சவாரியோடு திரும்பாமல், வனத்துறையின் சூழல் சுற்றுலா மையத்தில் முன்பதிவு செய்து ஒருமுறையாவது காட்டுக்குள் நடந்துவிட்டு வரலாம். குழந்தைகளோடு போகிறவர்கள் வயது வரம்பை முதலிலேயே விசாரித்துக்கொள்வது நல்லது. புலியைக் காட்டச் சொல்லி அவசரப்படுத்த வேண்டாம். பார்த்த பறவையின் பெயரைக் கேட்கலாம். காலடித் தடத்தை எப்படிப் படிப்பது என்று கேட்கலாம். பயணி கேட்கும் நல்ல கேள்வி, வழிகாட்டியை அடுத்த முறை இன்னும் தயாராக வரவைக்கும்.

மாலையில் தெப்பம் கரையைத் தொடும்போது ஏரியில் வெயில் சாய்ந்திருக்கும். காலுறையைக் கழற்றி, ஒட்டியிருக்கும் அட்டைகளைத் தட்டிவிட்டு, பயணிகள் குமுளிக்குத் திரும்புவார்கள். வழிகாட்டிகள் மட்டும் இன்னொரு முறை தலைகளை எண்ணுவார்கள். காலையில் உள்ளே போனவர்கள் அத்தனை பேரும் வெளியே வந்தாயிற்றா?

சரியாக இருந்தால் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்புவார்கள். பகல் வெளிச்சத்தில், எல்லோரும் பார்க்க, காட்டின் வாசல் வழியாக!