விகுதி இல்லாத செய்தி

2004 டிசம்பர் 30ஆம் தேதி மாலை, மதுரையில் எங்கள் வீட்டுத் தொலைபேசியில் முன்பின் தெரியாத ஒருவர் அப்பாவின் பெயரைச் சொல்லிக் கேட்டார். அப்பா வெளியே போயிருந்தார். அம்மாதான் பேசினாள். சென்னையிலிருந்து பேசுவதாகவும், தான் ஒரு ஹாம் என்றும், போர்ட் பிளேரிலிருந்து ரேடியோவில் ஒரு செய்தி கிடைத்திருப்பதாகவும் அவர் சொன்னார். ஹாம் என்றால் என்னவென்று அம்மாவுக்குத் தெரியாது. செய்தி ஒரே ஒரு வார்த்தை: 'சேஃப்'. கீழே சித்தப்பாவின் பெயர்.

சித்தப்பா கார் நிகோபாரில் பள்ளி ஆசிரியர். சித்தியும் அவரோடு இருந்தாள். அலை அந்தத் தீவை என்ன செய்துவிட்டது என்று நாலு நாளாக டெலிவிஷனில் காட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்த விமானப்படைத் தளமே சிதைந்து கிடந்தது.

"பத்திரமா இருக்கேன்னு சொல்றாரா, இருக்கோம்னு சொல்றாரா?" என்று கேட்டாள் அம்மா. ரிசீவரைக் காதிலிருந்து சற்று விலக்கிப் பிடித்திருந்ததால் எனக்கும் கேட்டது.

"சேஃப்னுதாம்மா இருக்கு."

"இருக்கோம்னுதானே அர்த்தம்? நீங்களே சொல்லுங்க."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "எனக்கு வந்தது இவ்வளவுதாம்மா."

எனக்கு அப்போது 13 வயது. அந்தக் குரலைப் பல வருஷங்கள் வெறுத்தேன். ஒரு 'ஓம்' விகுதியைச் செலவழித்திருந்தால் அந்த மனுஷருக்கு என்ன குறைந்து போயிருக்கும்?

பி.ஏ. வகுப்பில் எம்ப்ஸனின் ஏழு வகை மயக்கங்களைப் படித்தபோது இந்த 'சேஃப்' எந்த வகையில் சேரும் என்று பார்த்தேன். எதிலும் ஒட்டவில்லை. அவர் பேசுவது கவிதைக்குள் ஊறிக்கிடக்கும் மயக்கம். இது அப்படியில்லை. ஆங்கிலத்தில் அந்தச் சொல் எண்ணையும் இடத்தையும் வெளியே விட்டுவிட்டு நிம்மதியாக நிற்கிறது. அம்மாவின் தமிழுக்குள் வந்து, ஒரு வினைமுற்றைத் தேடும்போதுதான் அதற்குச் சங்கடம் நேர்கிறது.

ஹாம்களைப் பற்றிச் சமீபத்தில்தான் படித்தேன். பாரதி பிரசாத் என்ற பெண்மணியும் குழுவினரும் 2004 டிசம்பரில் அனுமதி பெற்று அந்தமானுக்குப் போயிருக்கிறார்கள். வெகு காலமாக அங்கிருந்து ஹாம் யாரும் பேசாததால், அந்தத் தீவோடு ஒரு முறையாவது பேசிவிட உலகமெங்கும் ஆட்கள் காத்துக்கிடந்தார்கள். அபூர்வத் தபால்தலைக்கு அலைவது மாதிரி ஒரு விளையாட்டு. 26ஆம் தேதி காலை நிலம் ஆடியது. அதே கருவிகள், அதே அலைவரிசைகள். விளையாட்டு நின்று, இருக்கிறவர்களின் பெயர்களும் தேடுகிறவர்களின் பெயர்களும் போய்வரத் தொடங்கின.

சர்வதேச ரேடியோ விதிகளில் நெடுங்காலம் ஒரு வாசகம் இருந்தது. ஹாம்கள் தங்கள் பரிசோதனைகளைப் பற்றிப் பேசலாம். மற்றபடி, தந்தி தொலைபேசிக்குக் காசு செலவழிக்கும் அளவுக்கு முக்கியமில்லாத சொந்த விஷயங்களை மட்டுமே பேசலாம். 2003இல்தான் இதைத் திருத்தினார்கள். (நம் பத்திரிகைகளின் முகப்பில் போட்டுக்கொள்ளத் தகுந்த வாசகம்.) சங்கேதம் கூடாது, கூலி வாங்கக்கூடாது என்பவை இன்றும் உண்டு. அற்ப விஷயங்களுக்கென்று லைசென்ஸ் கொடுக்கப்பட்டவர்களின் கையில்தான் அந்த வாரம் எங்கள் சித்தப்பா இருந்தார்.

யுத்தங்களும் இவர்களை விட்டுவைக்கவில்லை. 1939இல் பிரிட்டிஷ் அரசு ஹாம்களின் ஒலிபரப்பிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டு, பிறகு அவர்களிலேயே சுமார் 1,500 பேரை ரகசியமாகச் சேர்த்து, கேட்க மட்டும் சொன்னது. வேலை முடிந்து வந்து, ராத்திரியில் தேய்ந்த மோர்ஸ் ஒலிகளைத் தேடிப்பிடித்து, எழுத்து எழுத்தாகக் குறித்து, பார்னெட்டில் ஒரு தபால் பெட்டி எண்ணுக்கு அனுப்பினார்கள். எழுதியது என்னவென்று எழுதியவர்களுக்குத் தெரியாது. ஜெர்மானிய ராணுவ உளவுத் துறையின் செய்திகள் அவை. அத்துறையின் எனிக்மாவை பிளெட்ச்லி பார்க்கில் டில்லி நாக்ஸ் குழு 1941இல் உடைத்தது. அர்த்தம் தெரியாதவனுக்கு அதைத் திருத்தும் சபலம் இல்லை.

வியட்நாம் யுத்தத்தில் நேரெதிர். ராணுவத்தின் துணை ரேடியோ அமைப்பான மார்ஸில் சேர்ந்த அமெரிக்க ஹாம்கள் சிப்பாயின் குரலை வாங்கி அவன் வீட்டுத் தொலைபேசியில் இணைத்தார்கள். செனட்டர் பாரி கோல்ட்வாட்டரின் அரிஸோனா வீட்டிலேயே அப்படி ஒரு நிலையம் இயங்கியது. ஒரு சமயத்தில் ஒரு பக்கம்தான் பேச முடியும். 'ஐ லவ் யூ, ஓவர்' என்று மனைவி முடித்தால்தான் நடுவில் இருக்கும் அந்நியன் ஸ்விட்சைத் திருப்புவான். எல்லாம் புரிந்துகொண்டு சும்மா இருக்கவேண்டிய வேலை.

சென்னைக்காரருக்கு இந்த இரண்டு சௌகரியமும் இல்லை. அவர் வாயிலிருந்தே சொல் வரவேண்டும். எதிரே ஒரு பெண் விகுதி கேட்டு மன்றாடுகிறாள். தினமும் வங்கியில் செக்குகளைப் பார்க்கிறேன். எழுத்தில் ஒரு தொகை, எண்ணில் ஒரு தொகை என்றிருந்தால் திருப்பிவிடுகிறேன். எழுதியவர் எதை நினைத்திருப்பார் என்பது பல சமயம் பளிச்சென்று தெரியும், இருந்தும் திருப்புகிறேன். ஆனால் வீட்டுக்கு வந்து ஆங்கிலக் கவிதையைத் தமிழாக்க உட்கார்ந்தால் அந்தக் கண்டிப்பு எங்கே போகிறதென்று தெரியவில்லை. எத்தனை இடங்களில் கவிஞன் சொல்லாத 'ஓம்'களைத் தாராளமாகப் போட்டிருக்கிறேன்!

அம்மா அன்று போனை வைத்துவிட்டு உள்ளே போனாள். பாட்டி படுத்திருந்தாள். "பத்திரமா இருக்காங்களாம்" என்றாள் அம்மா. சித்தப்பாவை அவள் எப்போதும் 'இருக்கார்' என்றுதான் சொல்வாள். அந்த 'ங்க' மரியாதையா, பன்மையா? பாட்டிக்குச் சந்தேகமே வரவில்லை. திருமங்கலத்தில் சித்தியின் பிறந்த வீட்டுக்கும் அம்மாவே போன் செய்து அதே வார்த்தையைச் சொன்னாள். மறுநாள் அங்கிருந்து பாயசம் வந்தது. நானும் குடித்தேன்.

அதைப் பற்றி இன்றுவரை அம்மாவிடம் நான் கேட்டதில்லை.

ஜனவரி 6ஆம் தேதி சித்தப்பாவே பேசினார். அம்மா எதையும் கேட்கவில்லை. ரிசீவரை இந்தத் தடவை காதோடு அழுத்திக்கொண்டிருந்தாள். ஆனாலும் அவர் குரல் உரக்க இருந்தது.

"கப்பல்ல இடம் கிடைச்சிருக்கு, அண்ணி. வந்துடறேன்."