ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்காதே

கொளத்தூர், சென்னை

அன்புள்ள பவித்ராவுக்கு,

வருகிற ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கப் போவதாக நேற்று போனில் சொன்னாய். போகாதே. சனிக்கிழமை தண்ணீர் நிரப்பி மறுநாளே மீனை விடுகிறவர்கள்தான் எங்கள் தெருக் கடைக்காரர்களுக்குப் படியளக்கிறார்கள். அடுத்த வாரமே மறுபடி மீன் வாங்க வந்து நிற்பார்கள். போனில் விளக்கினால் "சரி அத்தை, சரி அத்தை" என்று பாதியில் வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

அண்ணி போனதிலிருந்து நிலவன் யாரிடமும் ஒட்டாமல் இருக்கிறான் என்றாயே, அதுவே மனசுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. தொட்டி வாங்கியது நல்ல யோசனைதான். ஆனால் அவன் ஆசையாகப் பேர் வைத்த மீன் நாலே நாளில் செத்து மிதந்தால் பிள்ளையிடம் என்னடி சொல்வாய்? அண்ணன் பொருட்காட்சியில் வாங்கி வந்த கிண்ணத்துக் கோல்ட்ஃபிஷுக்காக நீ இரண்டு நாள் சோறு தின்னாமல் அழுதவள்தானே.

விஷயம் இதுதான். மீனின் செவுள் வழியாகவே அமோனியா வெளியேறும். கழிவும் மிஞ்சின தீனியும் அழுகி அதை இன்னும் கூட்டும். அது மீனுக்கு விஷம். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கிய பிறகுதான் மீனுக்கு நிம்மதி. நைட்ரேட் ரொம்பச் சேராமல் வாராவாரம் கொஞ்சம் தண்ணீரை மாற்றினால் சமாளித்துவிடலாம். புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியாக்கள் போதுமான அளவு இருக்காது. தண்ணீர் பளிங்காகத் தெரியும், அதைப் பார்த்துத்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். அவை பெருக வழக்கமாக நாலிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும்.

தொட்டி இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்றாய். முழுக்க நிரப்பினால் தண்ணீர் மட்டுமே 56 லிட்டர். கண்ணாடியும் கல்லும் சேர்ந்தால் 70 கிலோவுக்குக் குறையாது. ஹாலில் இருக்கிற அந்த ஆடுகிற டீப்பாய் மேல் வைத்துத் தொலைக்காதே. சமமான, உறுதியான மேசை வேண்டும், கண்ணாடிக்கு அடியில் ஒரு தெர்மாகோல் அட்டை. ஜன்னல் வெயில் படுகிற இடம் வேண்டாம், பாசி பிடித்துவிடும். கல்லைத் தண்ணீரில் மட்டும் அலசு. சோப்பு, டிஷ்வாஷ் எதுவும் தொட்டிப் பக்கமே வரக்கூடாது. உன் சுத்தப் பைத்தியம் எனக்குத் தெரியும்.

கார்ப்பரேஷன் தண்ணீரில் குளோரின் இருக்கும். அது மீனின் செவுளையும் கெடுக்கும், நாம் வளர்க்கப் பார்க்கிற பாக்டீரியாவையும் கொல்லும். கடையில் ஆன்டி குளோரின் சொட்டு மருந்து கிடைக்கும், பாட்டிலில் போட்டிருக்கிற அளவுப்படி விடு. பில்டரை இரவும் பகலும் ஓடவிடு. ராத்திரி சத்தம் என்று மாப்பிள்ளை நிறுத்தினால் சண்டை போடு. அந்த பாக்டீரியாக்கள் பெரும்பாலும் ஸ்பாஞ்சிலும் கல்லிலும்தான் ஒட்டி வாழும், அவற்றுக்கு ஆக்சிஜன் வேண்டும்.

இனி நிலவனுக்கு வேலை. மீனே இல்லாத தொட்டிக்குத் தினமும் ஒரு சிட்டிகை தீனி போடச் சொல். சிரிப்பான், சிரிக்கட்டும். அது அழுகி அமோனியா வந்தால்தான் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு. டெஸ்ட் கிட் ஒன்று வாங்கிக் கொடு. சொட்டு விட்டு நிறம் மாறுவதைப் பார்க்க அவனுக்குப் பிடிக்கும், தினம் நோட்டில் எழுதட்டும். முதலில் அமோனியா ஏறும். அது இறங்கும்போது நைட்ரைட் ஏறும். தீனி போட்டுக்கொண்டே இருந்தும் இரண்டுமே பூஜ்யத்தில் நின்று, நைட்ரேட் மட்டும் தெரிந்தால் எனக்குப் போன் பண்ணு. நடுவில் தண்ணீர் பால் போல் கலங்கலாம். பயந்துபோய் எல்லாவற்றையும் கொட்டிக் கழுவிவிடாதே, தானே தெளிந்துவிடும்.

அப்போதும் கோல்ட்ஃபிஷ் வேண்டாம். அது அரையடிக்கு மேல் வளரும், அழுக்கும் அதிகம். உப்புத் தண்ணீரென்று உங்கள் ஊர் போர்வெல்லைத் திட்டுகிறாயே, கப்பிக்குக் கடினத் தண்ணீர் ஒத்துக்கொள்ளும். முதலில் நாலைந்து ஆண் கப்பி போதும். பெண்ணையும் சேர்த்து விட்டால் தெருவுக்கே குஞ்சு பங்கு வைக்க வேண்டியிருக்கும்.

உன் மாமாவுக்கு முட்டிவலி இன்னும் விட்டபாடில்லை. ஆனாலும் தொட்டி கழுவ யாரையும் விடமாட்டேன் என்கிறார். நீ மீன் வளர்க்கப் போவதைச் சொன்னதும் மனுஷனுக்கு முகமெல்லாம் பல். நோயே வராத தொட்டியில் மாதக்கணக்காய் ஊறின ஸ்பாஞ்ச் ஒன்றை உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறார். அவர் தம்பி மகன் வெள்ளிக்கிழமை ராத்திரி ராக்போர்ட்டில் திருச்சி வருகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறோம். பையில் கொஞ்சம் தண்ணீரும் நிறையக் காற்றும் இருக்கும். வந்ததும் ஸ்பாஞ்சை மட்டும் எடுத்து உன் பில்டருக்குள் வை. குழாயடியில் காட்டிவிடாதே, அத்தனையும் வீணாகிவிடும். அது இருந்தால் ஆறு வாரம் பாதியாகக் குறையலாம், ஆனாலும் டெஸ்ட் பார்க்காமல் மீனை விடாதே.

அண்ணன் பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? கேட்டால் என்னிடம் போட்டேன் என்றுதான் சொல்கிறார், நீ அட்டையை எண்ணிப் பார்த்துச் சொல்.

அன்புடன்,
அத்தை