கம்பம் பந்தலுக்குள் ஓடும் மினி டிராக்டர்

தேனியிலிருந்து சின்னமனூர், உத்தமபாளையம் வழியாகக் கம்பம் சுமார் 40 கி.மீ. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் நெல் வயல்கள் வழியெல்லாம் கூடவே வருகின்றன. கம்பத்திலிருந்து சுருளிப்பட்டி பக்கம் திரும்பினால் காட்சி மாறுகிறது. கல்தூண் நட்டு, கம்பி இழுத்துக் கட்டிய திராட்சைப் பந்தல்கள்! 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை இந்தப் பகுதியில்தான் விளைகிறது.

ஆள் நிமிர்ந்து நடக்கிற உயரம்தான் பந்தல். பெரிய டிராக்டர் நுழையாது. களை ஓட்டவும் மருந்து அடிக்கவும் மினி டிராக்டர்தான் கைகொடுக்கிறது. வண்டி சிறியது என்பதால் ஆபத்தும் சிறியது என்று நினைத்துவிடக் கூடாது.

அனுபவம் உள்ளவர்கள் வண்டியை எடுப்பதற்கு முன் வரிசையை ஒருமுறை நடந்து பார்த்துவிடுகிறார்கள். தொய்ந்த கம்பி, சாய்ந்த தூண், தொங்கும் கொடி எல்லாவற்றையும் முதலில் சரிசெய்ய வேண்டும். ரோட்டவேட்டரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டும்போது, கம்பிக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவில் ஆள் சிக்கிவிடலாம். திரும்பிப் பார்க்க வேண்டுமானால் வண்டியை நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் மடக்கு இரும்பு வளைவு சில வண்டிகளில் உண்டு. பந்தலுக்குள் மட்டும் அதை மடக்கிக்கொள்ளுங்கள். வெளியே வந்ததும் நிமிர்த்திப் பூட்டுங்கள். வளைவு நிமிர்ந்திருக்கும்போது சீட் பெல்ட் அவசியம். மடக்கியிருக்கும்போது பெல்ட் போடக் கூடாது.

அடுத்தது பி.டி.ஓ. தண்டு. நிமிடத்துக்கு 540 சுற்று என்றால் நொடிக்கு 9 சுற்று. தோளில் போட்ட துண்டோ, சேலை முந்தானையோ அதில் பட்டால், இழுக்க நினைப்பதற்குள் ஆளையே சுருட்டிவிடும். தண்டின் மேல்மூடியைக் கழற்றி வைக்காதீர்கள். ரோட்டவேட்டரில் கொடி சுற்றிக்கொண்டால், பி.டி.ஓ.வை விடுவித்து, கருவியைத் தரையில் இறக்கி, என்ஜினை நிறுத்தி, சாவியைச் சட்டைப்பையில் போட்ட பிறகே கை வைக்க வேண்டும்.

பந்தலில் மருந்து மேல்நோக்கி அடிப்பதால் ஓட்டுபவர் மேலேயே திரும்ப விழும். தொப்பி, முழுக்கைச் சட்டை, முகமூடி, கண்ணாடி இல்லாமல் உட்காராதீர்கள்.

தோட்டத்தை விட்டு வெளியே வந்தால் வரப்பும் வாய்க்காலும். பின்னால் கனமான கருவி தொங்கும்போது மினி டிராக்டரின் முன்பக்கம் லேசாகிவிடும். செங்குத்தான வரப்பில் நேராக ஏற்றினால் முன்சக்கரம் தூக்கி, ஓரிரு நொடிகளில் பின்பக்கமாகக் கவிழும். அதனால் ரிவர்ஸில் ஏற்றி, முன்னோக்கி இறக்குவதே நல்லது. வாய்க்கால் எவ்வளவு ஆழமோ, குறைந்தது அவ்வளவு தூரம் கரையை விட்டு விலகியே ஓட்டுங்கள்.

தோட்டத்துக்குள் வளைத்துத் திருப்புவதற்காக இடது, வலது பிரேக்கைத் தனித்தனியாக மிதிப்பது வழக்கம். குமுளி செல்லும் சாலையில் அப்படியே ஏறி, வேகத்தில் ஒரு பிரேக்கை மட்டும் மிதித்தால் வண்டி அந்தப் பக்கமே சுழலும். சாலையில் ஏறும் முன் இரண்டு பிரேக்கையும் கொக்கியால் இணைத்துவிடுங்கள்.

உடம்பு நோகாமல் ஓட்டுவதும் பாதுகாப்புதான். கிளட்சை முழுக்க மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும்படி சீட்டைத் தள்ளி வையுங்கள். அவ்வப்போது இறங்கி, முதுகை நிமிர்த்தி, தண்ணீர் குடியுங்கள். களைத்த உடம்புக்குக் கவனம் தப்பும்.

கடைசியாக, மட்கார்டு. சீட் ஒருவருக்குத்தான். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை ஆசையாகக் கேட்டாலும், அதில் உட்கார வைக்காதீர்கள். ஒரு குலுக்கலில் தவறினால் விழுவது பின்சக்கரத்தின் கீழேதான். பிள்ளை நடந்தே வீடு வந்து சேரட்டும்.