கை தூக்கிய அம்மா

அமெரிக்காவில் ஜூன், ஜூலை மாதத்துச் சனிக்கிழமை காலை. மணி ஏழுகூட ஆகியிருக்காது. குடியிருப்புப் பகுதியின் நீச்சல் குளத்தைச் சுற்றி ஒரே கூட்டம். மடக்கு நாற்காலிகள், ஈரத் துண்டுகள், டோனட் பெட்டிகள், தூக்கம் கலையாத முகங்கள். ஓடித்திரியும் வாண்டுகளின் கைகளில் மார்க்கர் பேனாவால் ஏதேதோ எண்கள். எத்தனையாவது போட்டி, எந்தச் சுற்று, எந்த லேன் என்று மறந்துபோகாமலிருக்க எழுதிவிட்டது.

வட வர்ஜீனியாவில் 1956-ல் தொடங்கிய கோடை நீச்சல் லீக் ஒன்று இருக்கிறது. அதில் நூறு அணிகளுக்கு மேல். வர்ஜீனியாவில் மட்டுமில்லை, நாடு முழுக்க இதுபோல எத்தனையோ லீக்குகள். இத்தனை போட்டிகளையும் நடத்துவது யார்? அரசாங்கமா, பெரிய கம்பெனியா? இரண்டும் இல்லை. அந்தப் பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள்தான். சம்பளம் கிடையாது. கிடைப்பது ஒரு தண்ணீர் பாட்டிலும் வெயிலில் சிவந்த கழுத்தும்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். குளத்தில் ஆறு லேன். லேனுக்கு மூன்று பேர் நேரம் எடுத்தால் அதற்கே 18 பேர். அவர்களுக்குத் தலைமை டைமர் ஒருவர். போட்டியைத் தொடங்கிவைக்க ஸ்டார்ட்டர், எல்லாவற்றுக்கும் மேலே ரெஃப்ரி, நீந்தும் முறை சரியா என்று பார்க்கும் நடுவர்கள், தாள்களைச் சேகரித்து ஓடுகிறவர், கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவர், ரிப்பனில் பெயர் ஒட்டுகிறவர், தின்பண்டக் கடையில் நிற்பவர். எட்டு வயதுக்குட்பட்ட வாண்டுகளைப் பெஞ்சில் வரிசையாக உட்காரவைத்து, சரியான நேரத்தில் சரியான லேனுக்குக் கூட்டிப் போகவும் ஆட்கள் வேண்டும். இருப்பதிலேயே கஷ்டமான வேலை இதுதான் என்று பலரும் சொல்வார்கள். ஒன்றுக்கு பாத்ரூம் வரும், இன்னொன்று கண்ணாடியைத் தொலைத்துவிட்டு அழும்.

அதனால்தான் பல கிளப்புகளில் ஒவ்வொரு குடும்பமும் இத்தனை முறை வேலை செய்தே ஆகவேண்டும் என்று விதி இருக்கிறது. சில இடங்களில் முன்பணமும் வாங்கி வைப்பார்கள். வராவிட்டால் பணம் திரும்பாது.

புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் கிடைப்பது ஸ்டாப்வாட்ச். பட்டனை அழுத்துவதில் என்ன பெரிய வித்தை என்று தோன்றும். வித்தை இருக்கிறது. ஸ்டார்ட்டரின் கருவி சத்தமும் போடும், ஒளியும் மின்னும். சத்தத்தைக் கேட்டு அழுத்தக் கூடாது, வெளிச்சத்தைப் பார்த்துத்தான் அழுத்தவேண்டும். காரணம் எளிது. 25 மீட்டர் குளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சத்தம் வந்துசேர ஒரு நொடியில் நூறில் ஏழு பங்கு ஆகும். நேரத்தை நூறில் ஒரு பங்கு வரை குறிக்கிற விளையாட்டில் அது பெரிய தொகை. முடிவில், குனிந்து சுவரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கை சுவரைத் தொட்டதும் அழுத்தவேண்டும். டைமரின் கால் நனையாமல் இருந்தால் அவர் சரியாக எட்டிப் பார்க்கவில்லை என்று அர்த்தம்!

மூன்று வாட்ச்களில் மூன்று நேரம் வந்தால் நடுவிலிருப்பதை எடுத்துக்கொள்வார்கள். இரண்டுதான் என்றால் சராசரி. தலைமை டைமர் ஒவ்வொரு சுற்றிலும் உபரியாக வாட்ச் ஓடவிட்டு நிற்பார். யாருடைய வாட்சாவது கோளாறு செய்தால் அவர் கையைத் தூக்குவார், ஓடுகிற வாட்ச் அவர் கைக்குப் போகும். மனிதன் தவறு செய்வான் என்று ஒப்புக்கொண்டே உண்டாக்கிய ஏற்பாடு இது.

அந்தத் தவறு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1960 ரோம் ஒலிம்பிக்கைச் சொல்லலாம். ஆண்கள் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல். அமெரிக்காவின் லான்ஸ் லார்சனுக்கு மூன்று டைமர்கள் எடுத்த நேரம் 55.0, 55.1, 55.1. ஆஸ்திரேலியாவின் ஜான் டெவிட்டுக்கு மூன்று வாட்சிலும் 55.2. ஆக, ஜெயித்தது லார்சன் என்றுதானே நினைப்பீர்கள்? தங்கம் டெவிட்டுக்குப் போயிற்று. யார் முதலில் தொட்டது என்று கண்ணால் பார்த்துச் சொன்ன நடுவர்கள் சரிபாதியாகப் பிரிந்து நின்றார்கள். தலைமை நடுவர் டெவிட் பக்கம் சாய்ந்தார். லார்சனின் நேரத்தையும் 55.2 என்று மாற்றி எழுதினார்கள். தொட்டால் தானே நின்றுவிடும் மின்னணுப் பலகைகள் 1968 மெக்ஸிகோ ஒலிம்பிக்கில் குளத்துக்கு வந்தன. ஆனால் உள்ளூர்க் கோடைக் குளங்கள் பலவற்றில் இன்னும் அப்பா அம்மாவின் கட்டைவிரல்தான்.

டைவிங் பக்கம் போனால் வேறு கணக்கு. நடுவர்கள் பூஜ்யத்திலிருந்து பத்து வரை, அரை அரையாக மதிப்பெண் போடுவார்கள். ஐந்து நடுவர்கள் என்றால் ஆக அதிகமும் ஆகக் குறைவும் போய்விடும். மீதி மூன்றைக் கூட்டி, அந்த டைவின் கடின எண்ணால் பெருக்கவேண்டும். 5, 5½, 6 மிஞ்சி, கடின எண் 1.5 என்றால் 24.75. மேஜையில் உட்கார்ந்து இதை எழுதும் அம்மா, பலகையின் நுனியில் நடுங்கிக்கொண்டு நிற்கும் தன் பையனை நிமிர்ந்து பார்ப்பதற்குள் அவன் தண்ணீருக்குள் போயிருப்பான்.

இருப்பதிலேயே மனசைப் படுத்துகிற வேலை நீந்தும் முறையைப் பார்க்கும் நடுவர் வேலை. வெள்ளைச் சட்டை போட்டுக் குளத்தோரம் நிற்கவேண்டும். கைதட்டக் கூடாது, கத்தக் கூடாது. பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கிலும் பட்டர்ஃபிளையிலும் திரும்பும்போதும் முடிக்கும்போதும் இரண்டு கையும் ஒரே சமயத்தில் சுவரைத் தொடவேண்டும். தொடாவிட்டால் நடுவர் உடனே கையைத் தலைக்கு மேலே தூக்கவேண்டும். பிறகு சீட்டு எழுதவேண்டும். நீங்கள் எங்கே நின்றீர்கள், என்ன பார்த்தீர்கள், எந்த விதி மீறப்பட்டது என்று ரெஃப்ரி கேட்பார். பதில் சரியாக இருந்தால்தான் தகுதி நீக்கம். துளி சந்தேகம் இருந்தாலும் பலன் நீந்துகிற பிள்ளைக்கே.

இப்படி வெள்ளைச் சட்டை போட்ட ஒரு அம்மா. அன்று திரும்பும் முனையில் நான்கு, ஐந்து, ஆறு லேன்கள் அவர் பொறுப்பு. ஐந்தாவது லேனில் அவருடைய ஒன்பது வயது மகள். மாற்றிவிட வேறு ஆள் இல்லை. பிரெஸ்ட் ஸ்ட்ரோக். மகள் இரண்டாவதாக வந்துகொண்டிருக்கிறாள். சுவரில் வலது கை பட்டது. இடது கை அப்புறம்தான் வந்தது. சந்தேகமே இல்லை.

அரை மணி நேரம் முன்னால் எதிரணிப் பையன் ஒருவனுக்கு இதே தவறுக்கு இதே அம்மா கை தூக்கியிருந்தார். அவனுடைய அப்பா மூன்றாவது லேனில் ஸ்டாப்வாட்சோடு நின்றுகொண்டிருந்தார்.

அம்மாவின் கை மேலே போனது.

மகள் இரண்டாவதாகவே முடித்தாள். சிரித்துக்கொண்டே ஏறி வந்தவளிடம் விஷயத்தைச் சொன்னார்கள். காரில் திரும்பும்போது பாதி வழிவரை பேச்சில்லை.

"நீதானேம்மா கை தூக்கினே?"

"ஆமா."

"பாக்காத மாதிரி இருந்திருக்கலாம்ல?"

"இருந்திருக்கலாம். அப்புறம் அந்தப் பையனுக்கு ஏன் தூக்கினேன்னு அவங்க அப்பா கேட்டா என்ன சொல்றது?"

மகள் ஒன்றும் சொல்லவில்லை. சமாதானம் ஆன மாதிரியும் தெரியவில்லை. அன்றைக்கு அந்த அம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

யோசித்துப் பார்த்தால் இந்தப் போட்டிகள் மொத்தமும் நிற்பது இதன் மேல்தான். எதிரணிப் பிள்ளையின் நேரத்தை இந்த அணி அப்பா எடுக்கிறார். இந்த அணிப் பிள்ளையின் நேரத்தை அந்த அணி அம்மா எடுக்கிறார். எல்லோருக்கும் ஒரு சொந்தப் பிள்ளை தண்ணீரில் இருக்கிறது. ஆனாலும் ஒருவர் எழுதிய எண்ணை இன்னொருவர் நம்பி ஒப்புக்கொள்கிறார். ஒரே ஒரு கை தூக்காமல் இருந்தாலும் போதும், எல்லா வாட்சும் சந்தேகத்துக்கு உள்ளாகிவிடும்.

அடுத்த சனிக்கிழமை அதே பிரெஸ்ட் ஸ்ட்ரோக். மகள் இரண்டு கையாலும் சுவரில் ஓங்கி அடித்துத் திரும்பினாளாம். அம்மாவுக்கு அது தெரியாது. அன்று அவர் குளத்தின் மறுமுனையில், வேறு மூன்று லேன்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற டைமர் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. போன வாரம் கை தூக்கப்பட்ட அந்தப் பையனைப் போலவே ஒரு பையனின் அப்பா.