தாத்தாவின் டெல்கோ

சகோதரிகளாகிய எங்கள் இருவரையும்விட இருபத்தைந்து வயது மூத்த ஒருவர் எங்கள் வாசலில் நிற்கிறார். அவர்தான் தாத்தாவின் 1984-ஆம் வருட அம்பாசிடர். ஆம்பூர்த் தோல் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்த தாத்தா, முதலாளி ஓட்டிக் கழித்ததை வாங்கினாராம். இந்தக் கார்களின் உற்பத்தியே 2014-இல் உத்தரபாராவில் நின்றுவிட்டது.

பாட்டியை மாதம் ஒருமுறை வேலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது இதில்தான். சென்ற கோடையில் மாதனூர் அருகே வண்டி உதறி உதறி நின்றுவிட்டது. கொளுத்தும் வெயிலில் பாட்டி புளியமரத்தடியில் முந்தானையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை எங்களால் மறக்க முடியவில்லை. "இனி எடைக்குப் போட வேண்டியதுதான்" என்றார் அப்பா. தாத்தா பதில் பேசவில்லை. அன்று இரவு அவர் சாப்பிடவும் இல்லை.

பட்டறையில் பாயிண்ட், கண்டென்சர், மூடி எல்லாம் புதிதாகப் போட்டார்கள். ஒரு வாரம் ஓடியது. மறுபடியும் மிஸ்ஸிங்!

கோளாறு டெல்கோவில்தான் என்றார் தாத்தா. டிஸ்ட்ரிபியூட்டருக்கு மெக்கானிக்குகள் வைத்திருக்கும் பெயர் அது. அமெரிக்காவில் கெட்டரிங்கும் டீட்ஸும் 1909-இல் தொடங்கிய கம்பெனியின் பெயர் ஆம்பூர்ப் பட்டறை வரை வந்திருப்பது வேடிக்கைதான். பாயிண்ட் திறக்கும் ஒவ்வொரு முறையும் காயிலில் 12 வோல்ட் பல ஆயிரம் வோல்ட்டாகி, பிளக்கில் தீப்பொறி விழுகிறது. நாங்கள் பௌதிகப் பாடத்தில் மனப்பாடம் செய்த மின்காந்தத் தூண்டல் இதுதானாம்! எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால், பாயிண்ட் நொடிக்கு நூறு முறை திறக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை தாத்தா மூடியைக் கழற்றினார். நாங்கள் ஹாண்டிலைப் பிடித்து எஞ்சினை மெல்லச் சுற்றினோம். கேமுக்கு நான்கு முகங்கள். ஒரு முகத்தில் பாயிண்ட் இடைவெளி சரியாக 0.015 அங்குலம் இருந்தது. அடுத்த முகத்தில் அதே கேஜ் தகடு நுழையவே இல்லை. தாத்தா ரோட்டரின் கீழிருந்த தண்டை விரலால் பக்கவாட்டில் அசைத்தார். ஆடியது!

"புஷ் தேய்ந்து போச்சுடி, கண்ணுங்களா. தோல் ஊறுகிற டிரம்மும் இப்படித்தான் ஆடும். தண்டு ஆடினால் புது பாயிண்ட் போட்டு என்ன பிரயோஜனம்?" என்றார். முப்பது வருடம் டிரம்களோடு பழகிய விரல் அது. புது சாமான் மாற்றியவர்களுக்கு அந்த ஆட்டம் தெரியவில்லையே என்று எங்களுக்குக் கொஞ்சம் கோபம்தான்.

லேத் பட்டறையில் கன்மெட்டல் புஷ் கடைந்து போட்டார்கள். டைமிங் வைக்க ஒரு 12 வோல்ட் பல்பு போதுமானதாயிருந்தது. ஒரு ஒயரைப் பாயிண்டோடு சேர்த்து, மற்றதை எஞ்சின் உடம்பில் வைத்து நாங்கள் பிடித்துக்கொண்டோம். பாயிண்ட் திறக்கும் நொடியில் பல்பு எரியும். "எரியுது தாத்தா!" என்று நாங்கள் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு மாமி எட்டிப் பார்த்தார்.

அடுத்த மாதம் பாட்டியோடு நாங்களும் வேலூர் போனோம். மாதனூர் வந்ததும் அப்பா ஒன்றும் பேசாமல் வேகத்தைக் குறைத்தார். பாட்டி அந்தப் புளியமரத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "ஏன் நிறுத்துறே? போ, போ" என்றார்.