ரேஷன் கடை வாசலில் இருபத்து நான்கு ஸ்டூல்கள்

2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில், பட்டியல் சாதிப் பெண் ஊராட்சித் தலைவரைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த படம் வெளியானபோது நாமெல்லாம் கொதித்தோம். அதற்கு முந்தைய ஆண்டு உத்தராகண்டின் தெஹ்ரி மாவட்டத்தில், கல்யாண வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டதற்காக அடிபட்ட தலித் இளைஞர் செத்தே போனார். ஒரு நாற்காலிக்கு இந்த நாட்டில் என்ன அர்த்தம் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அப்படியிருந்தும், சமூகவியலில் முதுகலை படித்த நானே முன்னால் நின்று ஒரு தவறை நடத்திக்கொடுத்தேன்.

நான் வேலை செய்யும் பகுதியில் ஓர் ஊராட்சி. ஊருக்கும் காலனிக்கும் சேர்த்து ஒரே ரேஷன் கடை. கடை ஊர்ப்பக்கம் இருக்கிறது, பின்னே எங்கே இருக்கும்? அரிசி வந்த நாளில் காலை எட்டு மணிக்குப் போய் நின்றால் பன்னிரண்டு ஆகிவிடும். கைரேகை மெஷினுக்கு சிக்னல் கிடைக்காத நாளில் ஒன்று, இரண்டுகூட ஆகும். உட்கார இடம் கிடையாது. கடைக்கு எதிரே ஒரு வேப்பமரம், அதை ஒட்டிப் பிள்ளையார் கோயில் மேடை. மேடையில் ஊர்க்காரர்கள் உட்காருவார்கள். நம் பெண்கள் பையைத் தலையில் போட்டுக்கொண்டு வெயிலில் நிற்பார்கள்.

இந்த இடத்துக்கு இருக்கை செய்து தருகிறோம் என்று ஒரு வடிவமைப்புக் கல்லூரியிலிருந்து மாணவர்கள் வந்தார்கள். நல்ல பிள்ளைகள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 'பங்கேற்பு வடிவமைப்பு' என்றார்கள்: நாங்களாக வரைந்து கொண்டுவந்து இறக்க மாட்டோம், மக்களோடு உட்கார்ந்து மக்கள் சொல்வதைத்தான் செய்வோம். எங்கள் பக்கம் சல்லிசாகக் கிடைக்கும் சவுக்குக் கட்டையில் சட்டம், கட்டிலுக்குப் பின்னுகிற நைலான் நாடாவில் இருக்கை, ஆணி இல்லாமல் கயிற்றுக் கட்டிலேயே நிற்கும் மூட்டு என்று சோதனை முயற்சிகளை லேப்டாப்பில் காட்டினார்கள். எனக்குப் பிடித்துப்போனது. கூட்டத்துக்கு ஆள் சேர்த்தது நான்தான். இடம் பேசியதும் நான்தான். வேப்பமர நிழல் இருக்கிறதே என்று கோயில் மேடையைச் சொன்னேன்.

நினைத்தால் இப்போதும் கூசுகிறது. காலனியிலிருந்து இருபது பேர் வந்தார்கள். மேடையில் ஏறவில்லை, கீழேயே நின்றார்கள். மாணவர்கள் "மேல வாங்கம்மா, மேல வாங்க" என்று கூப்பிட்டார்கள். "இருக்கட்டும் பாப்பா, இங்கியே காத்தாட இருக்கு" என்றார் ஓர் ஆயா. சார்ட் பேப்பரில் நாலு படம் வரைந்து, பிடித்த படத்தில் பொட்டு ஒட்டச் சொன்னார்கள். வண்ண வண்ணப் பொட்டுகள். ஊர்க்காரர்கள் ஒட்டி முடித்த பிறகு சார்ட்டைக் கீழே கொண்டுவந்து நம் ஆட்களிடம் நீட்டினார்கள்.

அதிகப் பொட்டு விழுந்தது தனித்தனி ஸ்டூலுக்கு. நீள பெஞ்சுக்கு மூன்றே பொட்டு. அறிக்கையில், மக்கள் தனிமையையும் நகர்த்தும் வசதியையும் விரும்புகிறார்கள் என்று எழுதினார்கள். எனக்கும் அனுப்பினார்கள். படித்துப் பார்த்து 'நன்று' என்று பதில் போட்டேன்.

ஊர்க்காரர்கள் ஏன் தனி ஸ்டூல் கேட்டார்கள் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். பெஞ்ச் என்றால் பக்கத்தில் உட்கார வேண்டும், மேல் படும். ஆனால் நம் ஆட்களும் அதற்கேதான் பொட்டு ஒட்டியிருந்தார்கள். அதை நான் யோசிக்கவே இல்லை. பிற்பாடு ஒரு தம்பியிடம் கேட்டேன். சென்ட்ரிங் வேலைக்குப் போகிற பையன். "பெஞ்சு போட்டா நாங்க உக்காந்ததும் அவங்க எந்திரிச்சுப் போவாங்கக்கா. அதப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறதுக்கு ஸ்டூலே தேவல" என்றான். ஒரே பொட்டுதான். ஒருவருக்கு அது தீட்டு, இன்னொருவருக்கு மானம். சார்ட் பேப்பரில் இரண்டும் சேர்ந்து பெரும்பான்மை ஆகிவிட்டது.

இருபத்து நான்கு ஸ்டூல்கள் வந்தன. பார்க்க அழகு, தூக்க லேசு. ஒரு மாதத்திற்குள் பன்னிரண்டுக்கு மேல் வேப்பமர நிழலுக்குப் போய்விட்டன. மிச்சம் கடைச் சுவரோரம் வெயிலில் கிடந்தன. அந்தப் பக்கத்து ஸ்டூலை இந்தப் பக்கம் யாரும் எடுக்கவில்லை. எந்த ஸ்டூல் யாருடையது என்று யாரும் பெயர் எழுதவில்லை, ஆனாலும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. முன்பு வெறும் மண்ணில் இருந்த கோட்டுக்கு நாங்கள் சவுக்குக் கட்டையில் சட்டம் போட்டுக் கொடுத்திருந்தோம்.

கிராமம் என்பது ஒரே குடும்பம் என்கிற கதையை 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையிலேயே அம்பேத்கர் உடைத்துப் போட்டார். அதைப் பரீட்சைக்கு எழுதி மார்க் வாங்கியவள் நான். ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் 1969-இல் எழுதிய பங்கேற்பின் ஏணியையும் படித்திருக்கிறேன். எட்டுப் படி, கீழ்ப்படிகளில் மக்களைக் கூப்பிட்டுக் கேட்டதாகக் கணக்குக் காட்டுவார்கள், அதிகாரம் கைமாறாது. படித்ததெல்லாம் மேடையைப் பார்த்ததும் எங்கே போனது என்று தெரியவில்லை. நிழல் இருந்தது, அவ்வளவுதான் பார்த்தேன்.

பிறகுதான் இந்தப் பங்கேற்பு வடிவமைப்பு எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். மாணவர்கள் சொல்லாத ஒரு சங்கதி அதில் இருந்தது. அது தொழிற்சங்கத்தில் பிறந்தது. 1970-களின் தொடக்கத்தில் நார்வேயில் கிறிஸ்டன் நிகார்ட் என்ற கணினி அறிஞர் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்து வேலை செய்தார். 1981-இல் தொடங்கிய 'உட்டோப்பியா' திட்டத்தில் ஸ்காண்டிநேவிய அச்சுத் தொழிலாளர் சங்கங்கள் இருந்தன. கணினி வந்தால் தங்கள் வேலை என்ன ஆகும் என்று பயந்த தொழிலாளர்களும் ஆய்வாளர்களும் அட்டைப் பெட்டிகளை வைத்து வேலை மேசையை நடித்துப் பார்த்தார்கள். காலிப் பெட்டி ஒன்றின் மேல் லேசர் பிரிண்டர் என்று எழுதி வைத்துவிட்டு, இங்கே நான் நிற்பேன், இது எனக்கு எட்டுமா என்று பார்த்தார்கள். முதலாளியையும் தொழிலாளியையும் ஒரே சார்ட் பேப்பரில் பொட்டு ஒட்டச் சொல்லவில்லை. ஆய்வாளர்கள் ஒரு பக்கம் நின்றார்கள், தொழிலாளர் பக்கம். நமக்கு வந்து சேரும்போது சங்கம் கழன்று போய்ப் பொட்டு மட்டும் வந்திருக்கிறது.

அடுத்த கூட்டத்தைக் காலனியில் போட்டேன், மாலைப் படிப்பு மையத்தில். ஊர்க்காரர்கள் இல்லை, மாணவர்களும் இல்லை. முதல் நாள் யாரும் இருக்கை பற்றியே பேசவில்லை. எடை குறைவது, பாமாயில் தீர்ந்துவிட்டது என்று திருப்பி அனுப்புவது, கடைக்காரர் நம் பெண்களை மட்டும் ஒருமையில் கூப்பிடுவது என்று இரவு ஒன்பது வரை போனது. மூன்றாவது கூட்டத்தில்தான் அந்த ஆயா கேட்டார்: "நீட்டமா ஒண்ணு போட்டா என்ன? எந்திரிச்சுப் போறவ போவட்டுமே. எனக்கு முட்டி வலிக்குது."

என்ஸோ மாரி என்று இத்தாலிய வடிவமைப்பாளர் ஒருவர். 1974-இல் சாதாரணப் பலகையும் ஆணியும் சுத்தியும் மட்டும் கொண்டு செய்யக்கூடிய மேசை, நாற்காலி, கட்டில், பெஞ்சுக்கான வரைபடங்களை வெளியிட்டார். தபால் செலவு அனுப்பினால் யாருக்கும் தந்தார். தானே செய்து பார்த்தவனுக்குத்தான் கடையில் விற்பது நல்லதா கெட்டதா என்று சொல்லத் தெரியும் என்பது அவர் வாதம். அந்தப் படங்களை போனில் காட்டினேன். சென்ட்ரிங் தம்பி இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "இது எங்க வேலதான்க்கா. குறுக்குக் கட்ட குடுத்துருக்கான் பாருங்க."

அப்போதுதான் உறைத்தது. இந்தத் தெருவில் பலகை அறுக்கவும் ஆணி அடிக்கவும் தெரிந்தவர்கள் பத்துப் பதினைந்து பேர் இருக்கிறார்கள். ஒருவரைக்கூட நாங்கள் கேட்கவில்லை. உட்காருகிற ஆட்களாகத்தான் அவர்களைக் கூப்பிட்டோம், செய்கிற ஆட்களாக இல்லை. ஸ்டூல்கள் கல்லூரிப் பட்டறையிலிருந்து லாரியில் வந்தன.

பழைய சென்ட்ரிங் பலகையில் எட்டடி பெஞ்ச் ஒன்று இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் தயாரானது. மாரியின் படத்தை அப்படியே எடுக்கவில்லை. முட்டி வலிக்காரர்கள் எழுந்திருக்க வேண்டும் என்று உயரத்தைப் பதினெட்டு அங்குலமாக ஏற்றினார்கள். ஒரு பக்கம் கைப்பிடி வைத்தார்கள். சிமெண்ட் கறை போகவில்லை.

அரிசி வந்த அன்று இரண்டு பையன்கள் தூக்கிக்கொண்டு போய்ச் சுவரோரம் இல்லை, நிழலில் போட்டார்கள். ஆயா முதலில் உட்கார்ந்தார். மேடையிலிருந்து ஒருவர், "யாரைக் கேட்டுப் போட்டீங்க?" என்றார். "நிக்க யாரைக் கேட்டோம்?" என்றார் ஆயா. அன்றைக்கு அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. ஸ்டூலில் இருந்த மூன்று பேர் எழுந்து தள்ளிப் போனார்கள். தம்பி சொன்ன மாதிரியே. அவன் அதைப் பார்த்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தான்.

நாலு மாதம் ஆகிறது. பெஞ்சை ராத்திரி அங்கே விடுவதில்லை. உடைத்துவிடுவார்கள் என்று சாயங்காலமே தூக்கி வந்துவிடுகிறார்கள். அதனால் படிப்பு மையத்துப் பிள்ளைகளுக்கு அது மேசையும் ஆகிறது. போன மாதம் ஊர்த்தெருப் பாட்டி ஒருவர் மறுமுனையில் வந்து உட்கார்ந்தார், தனக்கும் ஆயாவுக்கும் நடுவில் பையை வைத்துக்கொண்டு.

கடை வாசலில் கூரையும் நிரந்தர இருக்கையும் கேட்டு, இடம் யாருக்கும் ஒதுக்கப்படக் கூடாது என்ற வரியையும் சேர்த்து, முப்பத்தொரு பெண்கள் கையெழுத்தும் ரேகையும் போட்ட மனுவை திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுத்திருக்கிறோம். பதில் வரவில்லை. ஒப்புகைச் சீட்டு ஆயாவின் ரேஷன் அட்டை உறைக்குள் இருக்கிறது.